ஏரி உடையவில்லை, தண்ணீர் வந்தது

2015 டிசம்பர் முதல் நாள் இரவைப் பொழிச்சலூரில் அடையாற்றின் கரையோரம் வாழ்ந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். நாம் அப்போது வேறொரு பங்கில் பணியாற்றினோம். ஆகவே இங்கே எழுதுவது, பின்னாளில் பங்கு மக்கள் சொல்லக் கேட்டது. ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருந்த பெரியவர் ஒருவருக்கு அன்றிரவு உறவினர் ஒருவர் தொலைபேசியில், "செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிருச்சு, உடனே மேலே போயிடுங்க" என்றாராம். அந்த உறவினர் விளையாட்டாகப் பேசுகிறவர் அல்லர். பெரியவர் மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டார். விடிவதற்குள் அவருடைய வீட்டில் சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது.

ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி உடையவே இல்லை. ஏரி நிரம்பியதால் மதகுகள் திறக்கப்பட்டு, விநாடிக்கு 29,000 கன அடி வரை ஆற்றில் விடப்பட்டது. முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது. ஏரி உடைந்தது என்பது அந்த நாள்களில் நகரெங்கும் சுற்றிய வதந்தி.

மறைக்கல்வி வகுப்பில் இளையோரிடம் இதைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டோம். தண்ணீர் வரும் என்று அந்தப் பெரியவருக்கு அன்றிரவு தெரிந்திருந்ததா? அவர் நம்பினார். நம்பியது உண்மையாயிற்று. நம்புவதற்குத் தக்க காரணமும் அவரிடம் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் பொய். பாதிப் பேர் "தெரிந்திருந்தது" என்றார்கள், பாதிப் பேர் "அதிர்ஷ்டம்" என்றார்கள். "பொழச்சிக்கிட்டாரு இல்ல ஃபாதர், அது போதாதா?" என்றான் ஒருவன்.

போதாது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அடுத்த மழையிலும் அதே செய்தி அலைபேசிக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? அன்று காப்பாற்றியது என்று நம்பி ஓடுவாரா, அன்று பொய்த்தது என்று படுத்துவிடுவாரா? நாம் எதை நம்புகிறோம் என்பதோடு, எந்த வழியில் அந்த நம்பிக்கைக்கு வந்தோம் என்பதும் வாழ்வா சாவா என்னும் கேள்வியாகிவிடுகிறது.

நியாயமான காரணத்தோடு நம்பப்படும் உண்மையே அறிவு என்பது மெய்யியலில் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விளக்கம். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலேயே இது பேசப்படுகிறது, சாக்ரடீசுக்கு அதில் நிறைவில்லை. 1963ஆம் ஆண்டு எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மூன்றே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். உண்மையும் நியாயமான காரணமும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத இரண்டு எடுத்துக்காட்டுகள் அதில் இருந்தன. நம் பெரியவரின் கதையும் அதே வகைதான். அந்த மூன்று பக்கங்களுக்கு மறுமொழியாக இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டில் இது புதிய கேள்வி அன்று. 8ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் ஒரு வழிப்போக்கனைக் காட்டுகிறார். தாகத்தோடு வருகிறவன் தொலைவில் கானல் நீரைக் கண்டு தண்ணீர் என்று நம்பி நடக்கிறான். போய்ச் சேர்ந்த இடத்தில், பாறைக்கு அடியில் உண்மையாகவே தண்ணீர் இருக்கிறது! குடித்துத் தாகம் தீர்ந்தாலும், அவன் கண்டது தண்ணீரை அல்லவே.

தமிழிலும் மணிமேகலை இருக்கிறது. குருத்துவக் கல்லூரியில் மெய்யியல் படித்த ஆண்டுகளில் இந்தப் பகுதியை நமக்கு யாரும் காட்டவில்லை, பிறகு நாமே தேடிப் படித்தோம். 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து வைதிகவாதி ஒருவர், அறிவு வரும் வழிகளை 'அளவை' என்ற பெயரில் பத்தாக எண்ணிச் சொல்கிறார். காட்சி, கருதல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் 'ஐதிகம்' என்றும் ஒன்று உண்டு. வழிவழியாக ஊரார் சொல்லி வருவது என்று பொருள். அதற்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது! பின்னர் 29ஆம் காதையில் அறவண அடிகள், அளவைகள் காட்சியும் கருதலும் ஆகிய இரண்டே, மற்றவை கருதலில் அடங்கும் என்று முடித்துவிடுகிறார்.

வைதிகவாதி பிழையான அறிவின் வகைகளையும் சொல்கிறார். வெளியில் நிற்கும் கட்டையைப் பார்த்து, கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது 'ஐயம்'. ஆராயாமல் அதை மனிதன் என்றே முடிவு கட்டுவது 'தேராது தெளிதல்'. பார்க்கப்படுவது இரண்டிலும் அதே கட்டைதான்! பட்டியலில் இரண்டுமே பிழை. ஆனாலும் ஐயப்படுகிறவன் இன்னும் கிட்டே போய்ப் பார்ப்பான். தேராது தெளிந்தவன் போக மாட்டான் என்று நாம் கருதுகிறோம்.

'ஐயப்பட்ட தோமா' என்று நாம் சற்றுக் குறைத்துப் பேசும் திருத்தூதரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உடன் சீடர்கள் ஆண்டவரைக் கண்டதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. கேட்டது போதாது, காண வேண்டும் என்றார். எட்டு நாள்களுக்குப் பின் கண்டார். தோமா காயத்தைத் தொட்டார் என்று மறையுரைகளில் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். நற்செய்தியிலோ, தொடும்படி அழைக்கப்பட்டார் என்பது இருக்கிறதே தவிர, தொட்டார் என்று எழுதப்படவில்லை. தொட்டதாக நாம் 'அறிந்தது' ஓவியங்களிலிருந்து!

பொழிச்சலூரிலிருந்து பார்த்தால் விமான நிலையத்துக்கு அப்பால் இருப்பது பரங்கிமலை. தோமா அங்கே உயிர் நீத்தார் என்பது மரபு. "இதுவும் மரத்துப் பேய் மாதிரிதானா ஃபாதர்?" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006 செப்டம்பர் 27 அன்று தோமாவைப் பற்றி உரையாற்றியபோது, அவர் மேற்கு இந்தியாவரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே பரவியது என்ற பொருளில் பேசியது இங்கே சலசலப்பை உண்டாக்கியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னது இது. 1547இல் மலைமேல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் அதைப் படித்து, தோமாவின் வரலாறே அதில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னார். மக்களும் நம்பினார்கள். 1873இல் ஏ.சி. பர்னல் அந்த எழுத்து பாரசீகத்தின் பகலவி என்று காட்டினார். தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய சிலுவை அது, பழைய வாசிப்பும் தவறு. தோமா உண்மையிலேயே அங்கு இறந்திருந்தாலும், அந்த வாசிப்பை வைத்து நம்பியவர்கள் கானல் நீரைக் கண்டு நடந்தவர்களே.

அதற்காக எல்லாமே பேய்க்கதை என்று விடுவதும் தேராது தெளிதல்தான். தோமாவின் பணிகள் என்ற பழைய சிரியாக் நூலில் வரும் குந்தபோரஸ் என்ற அரசனைக் கற்பனை என்று நினைத்தவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அவனுடைய நாணயங்கள் கிடைத்தன. அரசன் இருந்தான் என்பதற்கு அது சான்று, தோமா வந்தார் என்பதற்கு அன்று. போர்த்துகீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கடற்கரையில் தோமாவின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வருவதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆகவே மரபு போர்த்துகீசியர் கட்டியதன்று. ஆனால் அதுவும் முதல் நூற்றாண்டுவரை நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. நாம் நம்புகிறோம், எந்தக் காரணம் நிற்கிறது, எது நிற்காது என்பதையும் சொல்கிறோம் என்றோம். அவள் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. "அப்ப கல்லைப் படிச்சது தப்புன்னு மலைக்குப் போறவங்ககிட்ட சொல்லுவீங்களா?" என்றாள். சொல்கிறோம் என்றோம். இங்கே சொல்லியும்விட்டோம்.

பெரியவர் இன்றும் நம் பங்கில் இருக்கிறார். மழைக்காலம் வந்தால் காலையில் செய்தித்தாளில் முதலில் செம்பரம்பாக்கத்தின் அளவைத்தான் பார்ப்பார். ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பது அவருக்கு மனப்பாடம். 22 அடி தாண்டிவிட்டால் எவ்வளவு திறக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அந்த உறவினரை இவரே தொலைபேசியில் அழைக்கிறார்.