நம் வீட்டுத் தட்டு

பிரேசர் டவுனில் மாலை வேளையில் மாஸ்க் ரோட்டின் வழியே நடந்தால் புரோட்டாவும் கபாபும் மணக்கும். வயல்வேலையை விட்டு இந்நகருக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தோம். சோற்றின் அளவையோ குறைக்கவில்லை.

நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. இதற்கு அஞ்சிச் சிலர் சோற்றை முற்றிலும் விலக்குகின்றனர். ஒரு மாதத்திற்குமேல் கைக்கொள்ள இயலாத திட்டத்தினால் பிரயோஜனமில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, சோற்றை விலக்கச் சொல்லவில்லை. அளவை மாற்றச் சொல்லுகிறது. 2000 கலோரி தேவைப்படுவோருக்கு, சமைக்குமுன் எடையில், நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம். உப்பு 5 கிராமைத் தாண்டலாகாது. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும். இம்மண்ணின் ராகிக் களி நல்லதே. ஆனால் அதுவும் தானியக் கணக்கிலேயே சேரும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உபவாசிக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அவ்விதம் கேட்பது அவிசுவாசமன்று, ஞானமே. இன்றிரவே, கரண்டிச் சோற்றில் ஒன்றைக் குறைத்து, ஒரு கரண்டிக் கீரையைக் கூட்டுங்கள்.