கசடும் கல்லும் கடலட்டையும்

இந்தக் கடல்நீர்த் தொட்டியின் மணலில் பழுப்புத் தூசாகத் தெரிவது கசடு: மீன்களின் கழிவு, தின்னாமல் விட்ட இரை, செத்த பாசி. அது அழுகும்போது அமோனியா உண்டாகும். சிறிதளவு அமோனியாவே மீனின் செவுளை அரித்துவிடும்.

தொட்டியைக் காப்பவை கல்லில் குடியிருக்கும் பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்க, மற்றொன்று அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாக்கும். இவற்றுக்கு ஒட்சிசன் தேவை. கல்லின் உள்துளைகளில் ஒட்சிசன் எட்டாத இடத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும். இவை பெருகப் பல வாரங்கள் செல்லும். அதுவரை மீன் விடக்கூடாது. வடிகட்டி இல்லாமல், இப்படிப் பற்றீரியாக்கள் குடியேறிய ‘உயிருள்ள கல்’லையும் காற்றுக் குமிழிகளையும் நம்பியே கடல் தொட்டி வளர்க்கலாம் என்று ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் எழுதிக் காட்டினார்.

துளைகளைக் கசடு அடைத்தால் எல்லாம் கெடும். அதனால்தான் நீரோட்டம் கல்லின் பின்புறத்தையும் அலசுகிறது.

கடலட்டையை நின்று பாருங்கள். வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். கசடைச் செரித்துவிட்டு, சுத்தமான மணலைக் கயிறுபோல வெளியே தள்ளும். யாழ்ப்பாணம், மன்னார்க் கடலடியிலும் இதன் இனத்தார் செய்வது இதே அரும்பணிதான்.

இத்தொட்டி இருக்கும் கலகெதரவுக்குக் கடல் தொலைவு. எனவே லீற்றருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்பு கரைத்த நீரே இங்குள்ளது. ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர் மட்டுமே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. கல்லும் வார்த்தெடுத்ததே. இலங்கைக் கடலில் முருகைக்கல்லைப் பெயர்ப்பது குற்றம்.