பாமினியில் கிடக்கும் பழைய கணக்குகள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதியதைப் பிறகு வாசிக்க முடியாமற் போனால் என்ன செய்வது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. புதிய கணினிக்குச் செலவழிக்க விரும்பாத வர்த்தகர்கள் பழைய கணினியிலேயே உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். அனுமதிக் கட்டணம் கிடையாது. வேர்ட், எக்ஸல் கோப்புகளைத் திறக்க லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. திருகோணமலை, கிண்ணியா, மூதூர்க் கடைக்காரர்களுக்குத் தலையிடி தொடங்குவது அதற்குப் பிறகுதான்: பழைய விலைமனுவைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும்.

கோப்பு பழுதாகவில்லை. நம் நாட்டில் நீண்டகாலம் தமிழ்த் தட்டச்சு பாமினி எழுத்துருவில்தான் நடந்தது. அதில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. 'கடை' என்று அடித்தால் உள்ளே இருப்பது எஃப், ஐ, எல். பாமினியை லினக்ஸில் நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டுமே. வாங்குபவரின் கைத்தொலைபேசியில் மறுபடியும் குப்பைதான். யுனிகோடுக்கு மாற்றுவதே நிரந்தர வழி. 'பொங்குதமிழ்' போன்ற இலவச மாற்றிகளில் பாமினி எழுத்தை ஒட்டினால் யுனிகோட் கிடைக்கும். இணையவழி மாற்றிகளில் வங்கிக் கணக்கு இலக்கங்களை ஒட்ட வேண்டாம்.

இங்கேதான் பணம் சம்பந்தப்பட்ட ஆபத்து இருக்கிறது. பாமினியில் 'இ' எழுத்து இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். தொகையை ஆங்கில எழுத்துருவில் 150,000 என்று அடித்திருந்தால், மாற்றிய பிறகு அது 150இ000 ஆகிவிடும். ஆங்கிலத்தில் இருந்த கம்பனிப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். தொகை புரியாத விலைமனுவை எவர் ஏற்பார்? ஆகவே கன்ட்ரோல்-எஃப் அழுத்தி 'இ' எழுத்தைத் தேடி, இலக்கங்களுக்கு நடுவில் வந்த ஒவ்வொன்றையும் கையால் திருத்துங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 'இரும்பு', 'இறால்' எல்லாவற்றிலும் தலையெழுத்துப் போய்விடும்! பழைய பிரதியை அழிக்காமல், அதோடு ஒப்பிட்டுத் தொகைகளைச் சரிபாருங்கள்.

இதன் பிறகே பிடிஎஃப். லிப்ரே ஒஃபிஸின் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் எஸ் பிடிஎஃப்' போதும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் எங்கும் ஒரே மாதிரித் தெரியும். பாமினியிலிருந்து நேரடியாக பிடிஎஃப் செய்தாலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. அனுப்புமுன் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். விண்டோஸின் லதா எழுத்துருவுக்குப் பதில் லினக்ஸ் வேறொன்றைப் போடும்போது வரிகள் நீண்டு, கையொப்ப இடம் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதுண்டு.

வாங்குபவர் திருத்த வேண்டிய விலைப்பட்டியலை பிடிஎஃப் ஆக்காமல் எக்ஸல் வடிவில் சேமித்து அனுப்புங்கள். நூற்றுக்கணக்கான பழைய வேர்ட் கோப்புகள் இருந்தால், ஃபைல் மெனுவின் விசாட்ஸ் பகுதியிலுள்ள 'டொக்கியுமென்ட் கொன்வேர்ட்டர்' ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் திறந்த ஆவண வடிவத்துக்கு மாற்றும். 2006 முதல் ஐஎஸ்ஓ தரமாக இருக்கும் வடிவம் அது. ஆனால் பாமினியை அது தொடாது. அந்த வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கணினி ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கிறது. பாக்கி வரவேண்டிய கணக்குகளை முதலில் மாற்றுங்கள். பழைய வாழ்த்துமடல்கள் காத்திருக்கலாம்.