நம் உடம்பில் இருக்கும் துணி எது? தெரிந்து வாங்குவோம், தெரிந்து துவைப்போம்



நம் மஹல்லாவில் பனியன் கம்பெனியோடு தொடர்பில்லாத வீடு அபூர்வம். ஒரு வீட்டில் கட்டிங் மாஸ்டர், அடுத்த வீட்டில் ஓவர்லாக் டெய்லர், இன்னொரு வீட்டில் பெண்கள் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். ஆனாலும் அறக்கட்டளைக்கு வரும் பழைய துணிகளைப் பிரிக்கும்போது நாங்கள் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறோம். உடுத்திக் கிழிந்த துணிகள் குறைவு. தவறாகத் துவைத்தும் தேய்த்தும் வீணான துணிகளே அதிகம். அயர்ன் பாக்ஸ் பட்டு உருகிய புர்கா, ஒரே துவைப்பில் குட்டையாகிப் போன பிள்ளைச் சட்டை, சாயம் ஏறிய வெள்ளை ஜிப்பா என்று மூட்டை மூட்டையாக வருகின்றன. உழைத்த காசு இப்படிப் போகக்கூடாது. அதைவிட முக்கியமாக, துணியைத் தெரியாமல் உடுத்துவது அடுப்பங்கரையில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெயர் வேறு, நார் வேறு

கடையில் நமக்குச் சொல்லப்படும் இண்டர்லாக், ரிப், சாட்டின், கிரேப், ஜார்ஜெட் எல்லாம் துணியைப் பின்னிய அல்லது நெய்த விதத்தின் பெயர்கள். அது பருத்தியா, பாலியஸ்டரா என்பதை அந்தப் பெயர்கள் சொல்லாது. இண்டர்லாக் பருத்தி நூலிலும் வரும், பாலியஸ்டர் நூலிலும் வரும். ‘ஹோசிரி’ என்றாலே காட்டன் என்று நினைப்பதும் தவறு. ஜி.எஸ்.எம். என்பதும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 180 ஜி.எஸ்.எம். துணி 140-ஐ விடக் கனம் என்று மட்டும் தெரியும். நார் எது என்று தெரியாது.

எனவே காதர்பேட்டையில் செகண்ட்ஸ் எடுத்தாலும், பெரிய கடையில் பெருநாள் ஜவுளி எடுத்தாலும், முதலில் உள்பக்கத் தையலில் இருக்கும் சிறு லேபிளைப் பாருங்கள். ‘60% காட்டன், 40% பாலியஸ்டர்’ என்பது போல அதில் இருக்கும். செகண்ட்ஸில் பல நேரம் லேபிள் வெட்டப்பட்டிருக்கும். அப்போது வீட்டிலேயே சோதிக்கலாம்.

நெருப்புச் சோதனை

தையல் ஓரத்திலிருந்து விரல் நகம் அளவு துணியை வெட்டி எடுங்கள். எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பருத்தி: சட்டென்று பற்றி எரியும். காகிதம் எரியும் வாசனை வரும். மெல்லிய சாம்பல் மிஞ்சும், தொட்டால் உதிரும்.

ரேயான் (விஸ்கோஸ்): இதுவும் பருத்தி போலவே எரியும். ஈரத்தில் இதன் பலம் பாதியளவு குறைந்துவிடும் என்பதுதான் வித்தியாசம்.

பாலியஸ்டர்: சுடரிலிருந்து சுருங்கி விலகும், உருகும், கரும்புகை விடும். ஆறியபின் கல் போல் கறுப்பு உருண்டை மிஞ்சும்.

கம்பளி, அசல் பட்டு: மெதுவாக எரிந்து தானே அணையும். முடி கருகும் நாற்றம் வரும். கருக்கு விரலில் நசுங்கித் தூளாகும்.

சாம்பலும் கெட்டி உருண்டையும் கலந்து இருந்தால் அது கலப்புத் துணி.

ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்பதால், மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. ‘ஆர்ட் சில்க்’ என்று விற்பது பட்டுப்பூச்சியின் பட்டு அல்ல. அது ரேயானாகவோ பாலியஸ்டராகவோ இருக்கும். அசல் பட்டுக்கு, 2004 முதல் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் ‘சில்க் மார்க்’ முத்திரை உண்டு. கலப்புத் துணி பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துவைப்பதும் தேய்ப்பதும்

பருத்திப் பனியன் துணி, பின்னும்போதும் பிராசஸிங்கிலும் இழுபட்டே வருகிறது. தண்ணீர் பட்டதும் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் நீளம் குறைகிறது. பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து, தோளில் கிளிப் போடாமல், கொடியில் நடுவாக மடித்து நிழலில் காயப்போடுங்கள்.

ரேயான் நைட்டி, சுடிதார்களை முறுக்கிப் பிழியாதீர்கள். தண்ணீர் வடியவிட்டால் போதும்.

அடர் நிறங்களை முதல் மூன்று நான்கு தடவை தனியாகத் துவையுங்கள். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. சாயப்பட்டறையில் உப்போடு சோடாவும் சூடும் சேர்ந்துதான் சாயத்தைப் பிடிக்க வைக்கின்றன. வீட்டு வாளியில் ஒரு பிடி உப்பு அந்த வேலையைச் செய்யாது. பவானி ஜமுக்காளத்தையும் அடர் நிறப் போர்வையையும் மற்ற துணிகளோடு ஊறவைக்க வேண்டாம்.

ப்ளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அதுவும் அளவாக. பட்டு, கம்பளி, லைக்ரா கலந்த லெக்கின்ஸ் ஆகியவற்றை அது அரித்துவிடும். ப்ளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

லேபிளில் உள்ள அயர்ன் படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 டிகிரி வரை. பருத்திக்கு மூன்று, பாலியஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு. புர்காவுக்கு வரும் நிதா, கிரேப் துணிகள் பெரும்பாலும் பாலியஸ்டரே. உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு காட்டன் கைக்குட்டை போட்டு, குறைந்த சூட்டில் தேய்த்தால் உருகாது, பளபளப்பும் ஏறாது.

அந்துருண்டை கம்பளிக்கும் பட்டுக்கும்தான் தேவை. பாலியஸ்டரைப் பூச்சி தின்னாது. கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

அடுப்பங்கரையில் கவனம்

சோதனையில் பார்த்த அந்தக் கறுப்பு உருண்டையை நினைவில் வையுங்கள். பாலியஸ்டர், நைலான் துணியில் தீப்பிடித்தால் அது உருகித் தோலில் ஒட்டும், புண் ஆழமாகும். பருத்தி உருகாது, ஆனால் வேகமாகப் பற்றும். ஆகவே எந்தத் துணியானாலும் தொங்கக்கூடாது. சமைக்கும்போது துப்பட்டாவை இறுக்கிச் செருகுங்கள், அகலக் கையை மடித்துவிடுங்கள். ஷிஃபான், ஜார்ஜெட் துணிகளை அடுப்படிக்கு வெளியே மாற்றிவிட்டு, உடம்போடு ஒட்டிய பருத்தியோடு நில்லுங்கள்.

தவறித் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்கள், கனமான போர்வையால் மூடி அணையுங்கள். பிறகு 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் பூசாமல் 108-ஐ அழையுங்கள்.

இன்றே வீட்டு அலமாரியைத் திறந்து, லேபிள் இல்லாத துணிகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அறக்கட்டளைக்குத் துணி தரும்போதும் துவைத்து, காயவைத்து, பருத்தி தனி, பாலியஸ்டர் தனி என்று கட்டித் தாருங்கள். வாங்கும் குடும்பத்துக்கு அது இன்னும் பல மாதம் உழைக்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.