திடீரென்று பிதற்றினால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள்!

"வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது." இதை நம் வீடுகளில் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! எண்பது வயது மாமனார் நடுராத்திரி எழுந்து, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று சட்டையைத் தேடினாலும் இதே பேச்சுதான். அம்மா, பெற்ற பெண்ணையே "நீ யாரம்மா?" என்று கேட்டாலும் இதே பேச்சுதான். ஆனால் இதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று மெல்ல வருவது. மற்றது திடீரென்று வருவது. பின்னதை முன்னது என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மெல்ல வருவது மறதி நோய். டிமென்ஷியா என்பார்கள். முதலில் சாவியை வைத்த இடம் மறக்கும்; அப்புறம் பால்காரருக்குப் பணம் கொடுத்தது; அப்புறம் கோவிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வளரும். நம் நாட்டில் அறுபது வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

திடீரென்று வருவது டெலிரியம். "ஜன்னி கண்டு பிதற்றுகிறது" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆளே மாறிவிடுவார். காலையில் தெளிவாக இருப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் குழம்புவார். சுவரில் இல்லாத பூச்சி ஊரும். எல்லாரும் பிதற்றுவதும் இல்லை. சிலர் சாப்பாடு வேண்டாமென்று சுருண்டு படுத்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மயங்குவார்கள். "பாவம், அசதி" என்று நாமும் விட்டுவிடுவோம். அதிகம் கவனிக்கப்படாமல் போவது இந்த வகைதான்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்துக்காரி. ஒரு கத்திரி வெயிலில் அவள் மாமியாருக்கு இப்படி ஆயிற்று. "செத்துப்போன மாமனார்கிட்ட பேசிக்கினே இருந்துச்சுக்கா. ராத்திரியில எழுந்து, கட்டுமரம் வந்துடுச்சுன்னு கடலைப் பாத்து நடக்குது" என்றாள். காத்து கருப்பு என்றார்கள் சிலர். வயசு என்றார்கள் சிலர். மருமகள் கவனித்தது வேறு. கிழவி இரண்டு நாளாகத் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. நீர் பிரியும்போது எரிச்சல். உடம்பு சுடக்கூட இல்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, "போன வாரம் வரைக்கும் மீன் காய வெச்சுக்கினு இருந்துச்சு டாக்டர், முந்தாநாள்லேருந்துதான் இப்படி" என்றாள். சிறுநீரில் கிருமி. சலைனும் மருந்தும் ஏற, ஒரு வாரத்தில் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

காரணங்கள் என்னென்ன?

சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி, உடம்பில் நீர் வற்றுவது, ரத்தத்தில் உப்போ சர்க்கரையோ குறைவது, மலச்சிக்கல், நீர் கட்டிக்கொள்வது, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆவது எல்லாமே காரணமாகலாம். தூக்க மாத்திரை, சில ஜலதோஷ மாத்திரைகள் கூடத்தான். வயதானவர்களுக்குக் கிருமி இருந்தும் ஜுரம் வராமல் போகலாம் என்பதை மறக்கக்கூடாது. மறதி நோய் இருப்பவருக்கு இது இன்னும் சுலபமாக வரும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். போன வாரம் சொல்லக்கூடியவர் இன்று பாதியிலேயே நூல் அறுந்து விழித்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 108-ஐக் கூப்பிடலாம். சொல்லிவிட்டாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் காட்டத்தான் வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் அவரை இன்றுதான் பார்க்கிறார். நேற்று வரை எப்படி இருந்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நம் வேலை

கட்டிப் போடாதீர்கள், மிரட்சி அதிகமாகும். நாமாகத் தூக்க மாத்திரை கொடுக்கக்கூடாது. மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் கூடவே இருக்கட்டும். "நான் உங்க மருமக, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நாம ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். டாக்டர் தடுக்காத வரை அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். நாலடி நடக்க வையுங்கள். ராத்திரி தூங்க விடுங்கள்.

இதெல்லாம் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் எழுபது வயது தாண்டிய 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. இப்படிக் கவனித்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு டெலிரியம் வந்தது; மற்றவர்களில் 15 பேருக்கு வந்தது.

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தெளிந்துவிடாது. சிலருக்கு மாதக்கணக்காகும், சிலர் பழையபடி ஆவதில்லை. அதனால் உடம்பு தேறி இரண்டு மூன்று மாதம் கழித்து ஞாபக சக்தியை ஒருமுறை டாக்டரிடம் சோதித்துவிடுங்கள். தைராய்டு, பி-12 வைட்டமின் குறைவாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. முதியோருக்கென்றே கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, செங்கல்பட்டிலிருந்து ரயிலேறினால் எட்டுகிற தூரம்தான்.