நாம் வாழும் நகரத்தின் வரவும் செலவும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. சொந்த ஊரின் கோயில் திருப்பணிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதில் எவ்வளவு செலவாயிற்று, மீதி யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் எத்தனை தொலைவிலிருந்தும் விடாமல் விசாரித்துக்கொண்டிருப்போம். ஆனால், இருபது முப்பது ஆண்டுகளாக நாம் குடியிருக்கும் நகரத்தின் கணக்கைப் பற்றி ஒருநாளும் கேட்கமாட்டோம். "இது நம் ஊரா? நாம் என்ன வரி கட்டுகிறோமா? எவரோ வசூலிக்கிறார்கள், எவரோ செலவிடுகிறார்கள்" என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக மும்பை மாநகராட்சியைக் கொள்வோம். தாராவி, மாதுங்கா, சயான், செம்பூர் முதலிய பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அன்றியும், இந்திய நகரங்களுள் மிகப் பெரிய வரவு செலவுத் திட்டத்தை உடையதும் அந்த மாநகராட்சியே. பிற நகரங்களில் விவரங்கள் மாறலாம். நடைமுறையின் அடிப்படை ஏறக்குறைய ஒன்றே.

முதலில் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளவேண்டும். எந்த நகராட்சியும் தான் விரும்பிய வரியை விதித்துவிட இயலாது. மாநிலச் சட்டமன்றம் எந்த வரிகளுக்கு அனுமதி அளித்திருக்கிறதோ அவற்றையே அது விதிக்கலாம். மும்பைக்கு 1888ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் ஆதாரமாக விளங்குகிறது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அப்பணிகளுக்கு வேண்டிய வரிகளை அது அவ்வாறு பட்டியலிடவில்லை. அதனை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. வேலை இன்னதென்று சொல்லிவிட்டு, கூலி யாரிடமிருந்து வரும் என்பதைப் பிறர் முடிவுக்கு விட்டது போன்றது இது. நகராட்சிகளின் பணக் கஷ்டங்கள் பலவற்றிற்கும் இதுவே மூலகாரணம்.

இனி, திட்டம் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். நகராட்சியின் நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. அதற்குப் பல மாதங்கள் முன்னரே ஒவ்வோர் இலாகாவும் தன் தேவைகளைக் கணக்கிட்டுத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்புகிறது. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் ஒழுங்குபடுத்தி, ஆணையர் பிப்ரவரித் தொடக்கத்தில் மதிப்பீட்டை நிலைக்குழுவின் முன் வைக்கிறார். ஆணையர் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்; நிலைக்குழுவினரோ மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்ற உறுப்பினர்கள். குழு ஆராய்ந்த பின்னர், 227 உறுப்பினர்களைக் கொண்ட மாமன்றம் விவாதித்து நிறைவேற்றுகிறது. பணத்தைக் கையாள்பவர் ஒருவர், அதற்கு ஒப்புதல் தருபவர் மற்றொருவர் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

திட்டம் ஒரே ஏடாக இல்லாமல் பல பகுதிகளாக, ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டு வெளிவருகிறது. 'ஏ' என்பது பொதுப் பணிகளுக்கு உரியது. 'ஈ' என்பது கல்விக்கும், 'ஜி' என்பது குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றிற்கும் உரியவை. வீட்டில் மளிகைக்கு ஒரு டப்பாவிலும், பள்ளிக்கூடச் சம்பளத்திற்கு மற்றொரு டப்பாவிலும் பணம் போட்டு வைக்கும் குடும்பத் தலைவியின் முறையே இது. ஒன்றின் பணம் சொல்லாமல் மற்றொன்றில் கரைந்துவிடாமல் இருக்க இது உதவுகிறது.

வருவாய்க்கு வருவோம். நகராட்சி என்றதும் நினைவுக்கு வருவது சொத்து வரி. முன்னாளில் ஒரு கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறக்கூடும் என்பதைக் கொண்டு இவ்வரி விதிக்கப்பட்டது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் பழைய கட்டடங்களின் வாடகை பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. வாடகையோடு வரியும் நின்றது. நகரின் நடுவே விலை மதிப்பு மிக்க மனையில் நிற்கும் பழைய மாளிகை, புறநகரின் புதிய வீட்டைக் காட்டிலும் குறைவான வரி செலுத்தும் விந்தை நேர்ந்தது. ஆகவே 2010 முதல் சொத்தின் சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்ட முறை புகுத்தப்பட்டது. 2022 ஜனவரி முதல், 500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கு இவ்வரி தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஒற்றை அறையில் வாழ்பவர் நகரத்திற்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று ஆகுமா? ஆகாது. இதனை விளக்கச் சுங்கத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

2017 வரை மும்பை நகராட்சியின் பெருவருவாய், நகருக்குள் நுழையும் சரக்குகளின் மீது விதிக்கப்பட்ட 'ஆக்ட்ராய்' என்னும் நுழைவுச் சுங்கமே. முலுண்டு, தஹிசர் முதலிய எல்லைச் சாவடிகளில் சரக்கு லாரிகள் வரிசையாகக் காத்து நின்றதை அந்நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நம் முன்னோர் போற்றினர் அன்றோ? 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது மும்பையிலும் சுங்கம் தவிர்க்கப்பட்டது. ஆனால் சுங்கத்தைத் தவிர்த்தால் சாலை போடுவது எப்படி? மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து மாதந்தோறும் இழப்பீடு வழங்கவேண்டும் என்றும், அத்தொகை ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்து வரவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. முதல் மாதத்தில் நகராட்சி பெற்ற தொகை ஏறத்தாழ 647 கோடி ரூபாய்.

2025-26ஆம் ஆண்டுத் திட்டத்தில் இந்த இழப்பீடு ஏறத்தாழ 14,400 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டின் வருவாய்க் கணக்கில் எதிர்பார்க்கப்பட்ட மொத்த வரவு ஏறத்தாழ 43,160 கோடி ரூபாய். அதாவது, மூன்று ரூபாயில் ஒரு ரூபாய் இந்த வழியில் வருகிறது. அது மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. கருவூலத்திற்கோ நாம் வாங்கும் சோப்பிலிருந்தும், நல்லெண்ணெயிலிருந்தும், மின்விசிறியிலிருந்தும் வருகிறது. வாடகை அறையில் இருப்பவரும், நடைபாதையில் இட்லி விற்பவரும் கடைக்குச் சென்று பொருள் வாங்கும்போதெல்லாம் நகரத்தின் பெட்டியிலும் ஒரு காசு போடுகின்றனர். ரசீதில் நகராட்சியின் பெயர் இல்லாமையால் நாம் அதனை உணர்வதில்லை. 'நாம் என்ன வரி கட்டுகிறோமா?' என்ற கேள்விக்கு இதுவே விடை.

இந்த மாற்றத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. சுங்கம் நகராட்சி தானே வசூலித்த பணம். இழப்பீடோ பிறர் கையிலிருந்து பெறும் பணம். லாரிகளின் காத்திருப்பு ஒழிந்தது நன்மை. பெரும் வருவாய்க்கு மாநில அரசை நோக்கி நிற்க வேண்டியிருப்பது அதற்குக் கொடுத்த விலை.

மற்ற வரவுகளுள் இரண்டைக் குறிப்பிடுவோம். அதே ஆண்டில் சொத்து வரியால் 5,200 கோடி ரூபாய் எதிர்பார்க்கப்பட்டது. கட்டடம் எழுப்புவோர் கூடுதல் தளப்பரப்பிற்காகவும் பிற அனுமதிகளுக்காகவும் செலுத்தும் கட்டணங்களால் ஏறத்தாழ 9,700 கோடி ரூபாய் எதிர்பார்க்கப்பட்டது. பின்னது பெருந்தொகையே, ஆயினும் வீடு மனை வியாபாரம் தழைத்தால் தழைக்கும், வாடினால் வாடும் இயல்புடையது. மழையை நம்பிய ஏரிப்பாசனம் போன்றது அது.

இப்பணம் எங்கே போகிறது? செலவை இரு கூறாகப் பிரிப்பர். சம்பளம், ஓய்வூதியம், மருந்து, தெருக்கூட்டுதல், பழுதுபார்த்தல் போன்ற அன்றாடச் செலவு ஒன்று. இதனை வருவாய்க் கணக்குச் செலவு என்பர். சாலை, பாலம், குழாய், மருத்துவமனை போன்று நெடுங்காலம் நிற்பவற்றை உண்டாக்கும் செலவு மற்றொன்று. இது மூலதனச் செலவு. 2025-26இல் மொத்தத் திட்டம் 74,427 கோடி ரூபாய். அதில் அன்றாடச் செலவுக்கு ஏறத்தாழ 31,200 கோடியும், மூலதனச் செலவுக்கு ஏறத்தாழ 43,160 கோடியும் ஒதுக்கப்பட்டன. கடற்கரைச் சாலையும், ஏழு புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் மாநகராட்சி மேற்கொண்ட பெரும் பணிகளுள் சில. அந்நிலையங்களுள் ஒன்று தாராவியில் அமைகிறது.

வருவாயைக் காட்டிலும் செலவு மிகுதியாயிற்றே என்று நேயர்கள் வினவலாம். எஞ்சியதில் பெரும் பகுதி பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நிதிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒருகாலத்தில் 90,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்த வைப்புத் தொகை, 2025இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 82,000 கோடியாக இருந்தது. ஒப்புக்கொண்ட பணிகளுக்கு இனிக் கொடுக்கவேண்டிய தொகையோ இதனினும் மிகுதி. சேமிப்பு செலவழிப்பதற்கே உரியது என்பது உண்மை. ஆனால் 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பதும் நம் பழமொழியே.

இந்தச் செலவுகள் நம் வாழ்விலிருந்து தொலைவானவை அல்ல. ஏழு ஏரிகளிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 400 கோடி லிட்டர் நீர் மும்பைக்கு வருகிறது. அவற்றுட் சில நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. 'ஜி' என்ற பகுதியே அந்த நீர். தாராவியில் ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடும் சயான் மருத்துவமனை நகராட்சியுடையது. 'ஏ' என்ற பகுதி அங்கே மருந்தாகிறது. மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் கல்வி அளிக்கின்றன. அவற்றுள் தமிழும் ஒன்று. 2025-26இல் கல்விக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 3,950 கோடி ரூபாய். 'ஈ' என்ற பகுதியில் தமிழ் ஆசிரியரின் சம்பளமும், தமிழ்ப் பாடநூலும், அந்த வகுப்பறையின் மேற்கூரையும் அடங்கியிருக்கின்றன. அவ்வாசிரியரின் இடம் காலியானால் நிரப்பப்படுமா என்பதை முடிவு செய்வதில் அந்தப் பகுதியின் ஒரு வரிக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. இதனை அறியாதோரே செய்தித்தாளின் பெரிய எண்களைக் கண்டு மகிழ்ந்தோ மருண்டோ போகின்றனர். திட்ட ஏட்டில் மூன்று பத்திகளைத் தேடிப் பார்க்கவேண்டும்: வரும் ஆண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, கடந்த ஆண்டில் உண்மையில் ஆன செலவு. ஒரு பணிக்குச் சென்ற ஆண்டு நூறு ரூபாய் எழுதி, ஆண்டின் நடுவில் அறுபதாகத் திருத்தி, முடிவில் நாற்பதே செலவிட்டு, மறுபடியும் நூறு என்று எழுதியிருந்தால், அந்த நூறு எண்ணமே அன்றிப் பணம் அன்று. மூன்று பத்திகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரை எவரும் ஏமாற்ற இயலாது. மாநகராட்சி இந்த ஏடுகளை யாவரும் காணும்படி வெளியிடுகிறது. அதில் இல்லாத விவரத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் கேட்டுப் பெறலாம்.

கேட்பவர் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்கால வரலாறு சான்று. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் மாமன்றமும் இல்லை, நிலைக்குழுவும் இல்லை. ஆணையரே நிர்வாக அதிகாரியாகவும் இருந்தார். 2023-24 முதல் 2025-26 வரை மூன்று ஆண்டுத் திட்டங்கள் அவ்வாறே நிறைவேறின. திட்டம் வகுக்கும் நிர்வாகத்தின் தலைவரே அதற்கு ஒப்புதல் தருபவராகவும் இருந்தார். எவரிடமும் குற்றம் காண்பது நம் நோக்கம் அன்று. கையாள்பவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர் என்னும் உயிர்நாடி அந்த ஆண்டுகளில் ஓடவில்லை என்பதையே சொல்கிறோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலத்தில் வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் ஏரிக்கும் தோட்டத்திற்கும் கணக்குக் கேட்ட மரபினர் நாம்.

அந்த மரபைப் புதிய ஊரில் தொடர்வதற்கு ஒரு தடை உண்டு. அது நம்மிடமே இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் ஒருவர் ஓர் இடத்தில் மட்டுமே பெயர் பதிவு செய்துகொள்ள முடியும். நம்மிற் பலர் பெயரைச் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருக்கிறோம். ஊர்ப்பற்று போற்றத்தக்கதே. ஆயினும், தண்ணீர் குடிப்பதும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும், காய்ச்சலுக்கு மருந்து பெறுவதும், கடைக்குக் கடை காசு கொடுப்பதும் ஓர் ஊரில். கணக்குக் கேட்கும் உரிமையை வைத்திருப்பது வேறோர் ஊரில் என்றால், இரண்டு ஊர்க் கணக்கும் நம் கையை விட்டுப் போகின்றன. வரும் பிப்ரவரியில் நாம் வாழும் நகரத்தின் திட்டம் வெளிவரும்போது, கோயில் திருப்பணிக் கணக்கைப் படிக்கும் அதே கவனத்தோடு அதன் மூன்று பத்திகளையும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். அதில் நம் பணமும் இருக்கிறது.