காஞ்சிபுரம் - மாமல்லபுரம் ஒரு நாள் டிரிப்: டூர் பஸ்சா... அரசு பஸ்சா? எது லாபம்?

சென்னை:
வாரத்தில் ஆறு நாள் வேலை. மிச்சம் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் பிள்ளைகள், "எங்கேயாவது கூட்டிட்டு போங்கப்பா" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டால், சென்னைவாசிகளுக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது காஞ்சிபுரமும் மாமல்லபுரமும்தான்.

அப்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். டூர் பஸ்சில் சீட் போடுவதா? இல்லை, அரசு பஸ்சில் ஏறி நாமே சுற்றிவிட்டு வருவதா? "டூர்னா காசு ஜாஸ்தி" என்பார் கணவர். "பஸ்சுல போனா பாதி நாள் ரோட்டுலயே போயிடும்" என்பார் மனைவி. ரெண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் கணக்கு போட வேண்டியது காசை வைத்து மட்டும் அல்ல. கடிகாரத்தையும் வைத்துத்தான்.

மதியம் நடை சாத்தும்!

சென்னையில் இருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கி.மீ. மாமல்லபுரம் சுமார் 55 முதல் 60 கி.மீ. ஆனால் இரண்டும் வேறு வேறு திசை. காஞ்சிபுரத்தில் இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக இன்னும் 65 கி.மீ. அளவுக்கு பயணம் செய்ய வேண்டும்.

காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜ பெருமாள் என்று பெரிய கோவில்கள் எல்லாம் பகல் 12, 12.30 மணிவாக்கில் நடை சாத்தப்படும். மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகிவிடும். மாமல்லபுரத்திலோ, தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் கடற்கரை கோவில், ஐந்து ரதம் ஆகியவற்றை மாலை 6 மணியோடு மூடிவிடுவார்கள்.

அதனால் ஒரே நாளில் இரண்டு ஊரும் பார்க்க வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். காலையில் காஞ்சிபுரம், மதியத்துக்கு மேல் மாமல்லபுரம். இதை மாற்றி போனவர்கள் கோவில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய வேண்டியதுதான்.

பஸ்சில் போனால்...

காலை 6 மணிக்கே வீட்டை விட்டு கிளம்பினால், 8.30 மணி சுமாருக்கு காஞ்சிபுரத்தில் இருக்கலாம். பூந்தமல்லி, தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே காஞ்சிபுரம் பஸ் கிடைக்கும். சென்னை கடற்கரையில் இருந்து செங்கல்பட்டு வழியாக காஞ்சிபுரம், திருமால்பூர் போகும் மின்சார ரயிலும் உண்டு. கட்டணம் குறைவு. ஆனால் நேரடி ரயில்கள் நாள் முழுக்க அடிக்கடி கிடையாது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணமும் ஆகும்.

12 மணி வரை கோவில்களை பார்த்து, சாப்பிட்டுவிட்டு 1 மணிக்கு பஸ் பிடித்தால், 3.30 மணிக்குள் மாமல்லபுரம் போய்ச் சேரலாம். அங்கே இரண்டரை மணி நேரம் கையில் இருக்கும்.

பேப்பரில் எழுதினால் கணக்கு சரியாக வரும். ஆனால் நடுவில் ஒரு பஸ்சை கோட்டை விட்டாலோ, செங்கல்பட்டில் இறங்கி அடுத்த பஸ்சுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தாலோ, கடற்கரை கோவில் கேட்டை மூடும் நேரத்துக்குத்தான் போய் நிற்க வேண்டி வரும்.

டூர் பஸ்சில் வாங்குவது எதை?

டூர் பஸ்சுக்கு கொடுக்கும் கூடுதல் காசு, சீட்டுக்கோ ஏ.சி.க்கோ மட்டும் அல்ல. அலைச்சல் இல்லாத அந்த நேரத்துக்குத்தான். கோவில் பக்கத்தில் இறக்கி விடுவார்கள். வெளியே வரும்போது பஸ் காத்திருக்கும். பையை சீட்டிலேயே வைத்துவிட்டு போகலாம். மூட்டு வலியோடு வரும் மாமியாரை பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக நடக்க வைக்க வேண்டியது இல்லை. அவசரத்துக்கு வண்டியை நிறுத்த சொல்லவும் முடியும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சி கழகம் சென்னை வாலாஜா சாலையில் உள்ள சுற்றுலா வளாகத்தில் இருந்து ஒரு நாள் டூர்களை நடத்தி வருகிறது. காஞ்சிபுரம் - மாமல்லபுரம் அதில் ரொம்ப காலமாக இருக்கும் ரூட். தனியார் டிராவல்ஸ்களும் நடத்துகிறார்கள்.

ஆனால் டூரில் வேறு ஒரு தொல்லை. நேரம் உங்கள் கையில் இருக்காது. முக்கால் மணி நேரம் என்றால் முக்கால் மணி நேரம்தான். பிள்ளைகள் வெண்ணெய் உருண்டை பாறை நிழலில் விளையாட ஆரம்பிக்கும்போது கைடு விசில் அடிப்பார். வேறு குடும்பம் லேட்டாக வந்தால் அதற்கும் சேர்த்து நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன் கேளுங்கள்!

நோட்டீசில் போடும் டூர் கட்டணத்தை பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. சாப்பாடு சேர்த்தா? நுழைவு கட்டணம் சேர்த்தா? கைடு காசு தனியா? எங்கே ஏற்றி, எங்கே இறக்கி விடுவார்கள்? ஆள் சேரவில்லை என்று டூரை ரத்து செய்தால் பணம் முழுசாக திரும்ப வருமா? இந்த ஐந்தையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு கேள்வி முக்கியம். "எந்த ஊரில் எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். சில டூர்களில் பட்டு சேலை கடைக்கே ஒரு மணி நேரம் போய்விடும். அந்த நேரம் கோவில் கணக்கில் இருந்துதான் கழியும். கடைக்கு போனாலும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாங்குவதாக இருந்தால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள்.

தெருவில் பத்து பேர் சேர்ந்து வேன் பிடிப்பவர்கள் நம்பர் பிளேட்டை பார்க்க வேண்டும். வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்கும். ஒயிட் போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து என்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதிலும் சிக்கல் வரும். ஐநூறு ரூபாய் மிச்சம் பார்க்கப் போய் குடும்பமே கோர்ட்டுக்கு அலைய நேரிடும்.

ஒரே ஊர் என்றால் பஸ்தான்!

மாமல்லபுரம் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டால், கணக்கே மாறிவிடும். அங்கே அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை பாறை, கிருஷ்ண மண்டபம் எல்லாம் பக்கம் பக்கம். கடற்கரை கோவிலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஐந்து ரதம் மட்டும் ஒன்றரை கி.மீ. தள்ளி தெற்கே இருக்கிறது. வயதானவர்கள் அதற்கு ஆட்டோ பிடித்துக் கொள்ளலாம். இதற்கு டூர் பஸ் எதற்கு?

கணவன், மனைவி, மாமியார், 15 வயதுக்கு கீழே இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் போவதாக வைத்துக்கொள்வோம். தொல்லியல் துறை நுழைவு கட்டணம் இந்தியர்களுக்கு தலைக்கு ரூ.40. ஆன்லைனில் எடுத்தால் ரூ.35. பதினைந்து வயதுக்கு கீழே இலவசம். ஆக கவுண்டரில் மொத்தமே ரூ.120தான். அதே டிக்கெட்டில் கடற்கரை கோவிலும் ஐந்து ரதமும் பார்க்கலாம். எனவே டிக்கெட்டை தூக்கி எறிந்துவிடக் கூடாது.

சாதாரண பஸ்சில் சென்னையில் இருந்து ஒரு ஆளுக்கு ஒரு வழி செலவு நூறு ரூபாயை தாண்டாது. டூர் என்றால் தலைக்கு தலை காசு. ஆள் கூட கூட அந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும்.

"லேடீசுக்கு எல்லா பஸ்சும் ப்ரீதானே?" என்று நினைத்து ஏறிவிடக் கூடாது. 2021 மே மாதம் தொடங்கிய பெண்கள் இலவச பயண திட்டம், சாதாரண கட்டண டவுன் பஸ்களுக்கு மட்டும்தான். டீலக்ஸ், ஏ.சி. பஸ்களிலும், காஞ்சிபுரம் போகும் புறநகர் பஸ்களிலும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

பஸ்சில் போகிறவர்கள் கவனத்துக்கு...

முதல் நாளே பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று விசாரித்து விடுங்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு பல பஸ்கள் இடம் மாறிவிட்டன. பழைய நினைப்பில் கோயம்பேடு போய் நின்றால் ஒரு மணி நேரம் வீண்.

மாநகர பஸ், மின்சார ரயில், மெட்ரோ ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. போனில் போட்டு வைத்துக்கொண்டால் சில்லரை தொல்லை இல்லை.

கிழக்கு கடற்கரை சாலையில் புதுச்சேரி போகும் பஸ்சில் ஏறினால், மாமல்லபுரம் ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் இறக்கி விட்டுவிடுவார்கள். உள்ளே போக ஆட்டோவுக்கு தனி செலவு. ஊருக்குள் போகும் மாநகர பஸ் என்றால் அந்த செலவு மிச்சம்.

திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு கேட் மூடியதும் மொத்த கூட்டமும் ஒரே நேரத்தில் பஸ்சுக்கு வரும். நடுவழியில் மெயின் ரோட்டில் நின்று கை காட்டினால் சீட் கிடைக்காது. 5.30 மணிக்கே கிளம்பி, பஸ் புறப்படும் நிலையத்திலேயே ஏறிவிட்டால் பிள்ளைகளை மடியில் போட்டு தூங்க வைத்துக்கொண்டே வீடு வரலாம். காணும் பொங்கல் சமயத்தில் இதெல்லாம் நடக்காது. அன்றைக்கு ரோடே நகராது.

டூரில் போனாலும் பஸ்சில் போனாலும் ஒன்று. கடற்கரை கோவில் பக்கம் கடலில் இறங்கி குளிக்க வேண்டாம். அலையும் சுழலும் ஆளை இழுத்துவிடும்.

ஆக, எது லாபம்?

வயதானவர்கள் கூட வருகிறார்கள், இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும் என்றால் டூர் பஸ் கட்டணம் வீண் செலவு இல்லை. ஒரே ஊர், நடக்க தெம்பு இருக்கிறது, பிள்ளைகள் இஷ்டத்துக்கு விளையாடட்டும் என்றால் அரசு பஸ்சே போதும்.

பஸ்சில்தான் போக முடியும், இரண்டு ஊரும் பார்க்க ஆசை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்த மாதம் ஒரு ஊர், அடுத்த மாதம் இன்னொரு ஊர். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலையும், மாமல்லபுரம் கடற்கரை கோவிலையும் கட்டியது ஒரே பல்லவ ராஜா ராஜசிம்மன்தான். 1,300 வருஷமாக நிற்கும் கோவில், இன்னும் ஒரு மாதம் நமக்காக காத்திருக்காதா என்ன?